எத்தனை சதவீதம் என்பதற்கு முன், எதில் சதவீதம்? இருவழி அட்டவணை கேள்வி பதில்

ஊர் ஒரு பக்கம், ஃபேக்டரி மறுபக்கம் என்று இரண்டு வகையாகப் பிரித்து எண்ணுவதுதான் இருவழி அட்டவணை. விளக்கத்துக்கு ஒரே பயிற்சிக் கணக்கை வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை. பச்சைத் தேயிலையை எந்த ஃபேக்டரிக்குக் கொடுக்கிறீர்கள் என்று 200 சிறு விவசாயிகளிடம் கேட்டாயிற்று.

கோத்தகிரி: கூட்டுறவு 72, தனியார் 48, மொத்தம் 120
கூடலூர்: கூட்டுறவு 24, தனியார் 56, மொத்தம் 80
மொத்தம்: கூட்டுறவு 96, தனியார் 104, ஆக 200

குன்னூர் மாணவி: சார், 72-ஐ 200-ஆல் வகுத்தால் 0.36. கோத்தகிரிக்காரர்களில் 36% பேர் கூட்டுறவுக்குக் கொடுக்கிறார்கள், சரிதானே?

இல்லைம்மா. 200-ஆல் வகுத்ததால் அது 'கேட்ட எல்லோரிலும்' 36%. கோத்தகிரிக்காரர்களில் என்றால் 72/120, அதாவது 60%. கூட்டுறவுக்குக் கொடுப்பவர்களில் கோத்தகிரிக்காரர்கள் என்றால் 72/96, 75%. மூன்றிலும் அதே 72தான். வாக்கியத்தில் '-களில்' என்று முடியும் சொல்லைப் பிடியுங்கள். வகுக்கும் எண் அங்கேதான் இருக்கும்.

ஊட்டி ஆசிரியர்: ஊருக்கும், எந்த ஃபேக்டரிக்குக் கொடுக்கும் பழக்கம் என்பதற்கும் தொடர்பு உண்டா என்று எப்படிப் பார்ப்பது?

நிரை நிரையாக, அதாவது ஒவ்வொரு ஊரின் கிடைமட்ட வரிசையையும் அதன் மொத்தத்தால் வகுங்கள். கோத்தகிரி 60%, கூடலூர் 24/80 = 30%. இரண்டுமே மொத்த விகிதமான 48%-ஐ (96/200) ஒட்டி வந்தால் தொடர்பில்லை எனலாம். இங்கே இடைவெளி 30 சதவீதப் புள்ளிகள். அதை '30% அதிகம்' என்று எழுதிவிடாதீர்கள். 60 என்பது 30-இன் இரு மடங்கு.

கோத்தகிரி கணக்கெடுப்பாளர்: அந்த 75%-ஐ அறிக்கையில் போடலாமா?

120, 80 என்று ஆட்களைத் தேர்ந்தது நீங்களா? அப்படியானால் கூடாது. ஊருக்கு 100 பேர் எடுத்திருந்தால், பழக்கம் துளியும் மாறாமலே கூட்டுறவில் 60-ம் 30-ம் வந்திருக்கும். 60/90, ஏறக்குறைய 67%. 75-ஐ 67 ஆக்கியது உங்கள் தேர்வுதான், விவசாயி இல்லை. 60%, 30% என்ற நிரை விகிதங்களைப் போடுங்கள், பக்கத்தில் 120, 80 என்ற எண்ணிக்கையோடு. எட்டே பேர் உள்ள நிரையில் ஒருவர் மனம் மாறினாலே 12.5 புள்ளி ஆடிவிடும்.

கூடலூரிலிருந்து: என் அட்டவணையில் விகிதங்களைக் கூட்டினால் 1 வராமல் 0.99 வருகிறதே?

ஒவ்வொரு விகிதத்தையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கியதன் விளைவு. கட்டத்து எண்ணைத் திருத்தாதீர்கள், அடிக்குறிப்பு போதும்.

குன்னூரிலிருந்து: இரண்டு ஃபேக்டரிக்கும் கொடுப்பவரை எங்கே எழுத?

'இரண்டும்' என்று மூன்றாவது நிரல் (செங்குத்து வரிசை) போடுங்கள். இரு கட்டத்திலும் டிக் அடித்தால் கட்டங்களின் கூட்டல் 200-ஐத் தாண்டும். மேலே சொன்ன எந்த வகுத்தலும் பிறகு நிற்காது.