ரூம் கூட்டவா படித்தேன்? ஹோட்டல் வேலை கேள்வி-பதில்

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். நல்ல கேட்டரிங் காலேஜ் சொல்லுங்கள்.

பதில்: எந்த ஊர், எவ்வளவு செலவழிக்க முடியும், எதுவும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனமான ஐ.எச்.எம்.மில் பி.எஸ்ஸி. சேர என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. தனியார் என்றால் விளம்பரப் பலகையை விட்டுவிட்டு டிரெய்னிங் கிச்சனுக்குள் போங்கள், அடுப்பு எரிந்த அடையாளமாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'நூறு சதவீதம் வேலை' என்றால் போன வருடம் முடித்த நாலு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

கேள்வி: சொகுசுக் கப்பலில் வெயிட்டர் வேலைக்கு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கப்பல் வேலை வாங்கித் தருவதற்கு, போகிறவரிடம் காசே வாங்கக் கூடாது. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற கப்பல் பணியாளர் புத்தகம், மெடிக்கல் உங்கள் செலவு. விசா அவர்கள் செலவு. ஏஜென்டின் ஆர்.பி.எஸ்.எல். எண்ணை, அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்கும் உரிம எண்ணை வாங்கி, மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் சரிபாருங்கள். ரசீது கேட்டும் பாருங்கள், பேச்சு மாறும்.

கேள்வி: கேட்டரிங் டிகிரி முடித்து ஹோட்டலில் சேர்ந்தேன். ஹவுஸ்கீப்பிங்கில் போட்டுவிட்டார்கள். ரூம் கூட்டவா படித்தேன்?

பதில்: இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, எனக்கு எரிச்சலும் மாதம் தவறாமல் வருகிறது. டி.வி. சமையல் போட்டி பார்த்துவிட்டு எல்லோரும் செஃப் ஆகத்தான் வருகிறீர்கள். தங்கும் ஹோட்டலுக்குப் பெரிய வருமானம் எதில்? ரூம் வாடகையில். அந்த ரூமை விற்கிற நிலைக்குக் கொண்டுவருவது யார்? ஷிப்ட்டுக்கு 14, 15 ரூம். செக்-அவுட் ரூமுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். பாத்ரூமில் கெமிக்கல் தெளித்து ஊறவிட்டு, அது ஊறுவதற்குள் கட்டிலைப் போட வேண்டும். கெமிக்கலுக்கெல்லாம் எண் உண்டு: ஆர்1 பாத்ரூமுக்கு, ஆர்3 கண்ணாடிக்கு, ஆர்6 டாய்லெட் கோப்பைக்கு. நான் டிரெய்னியாக இருந்தபோது ஆர்6-ஐ மார்பிள் மேடையில் ஊற்றிவிட்டேன். அது அமிலம். துடைப்பதற்குள் பளபளப்பு போய், பால் சிந்திய மாதிரி வெள்ளைத் திட்டு. சூப்பர்வைசர் திட்டவில்லை, ஒரு வாரம் தினமும் அந்த ரூமையே எனக்குக் கொடுத்தார். நீங்கள் 'கூட்டுவது' என்கிறது இதைத்தான்.

கிச்சனில் காமி 3 என்கிற அடிமட்ட சமையல் வேலையிலிருந்து மேலே ஏற வரிசை நீளம். ஹவுஸ்கீப்பிங்கில் படித்தவர்கள் குறைவு, அதனால் சூப்பர்வைசர் நாற்காலி சீக்கிரம் வரும். ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், ஐ.டி. வளாகம் எல்லாமே இந்த ஆட்களைத்தான் தேடுகின்றன. ஆறு மாதம் முனகாமல் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் மாற்றல் கேளுங்கள், நானே சரி என்பேன்.

கேள்வி: வயது 42. இருபது வருடமாகக் கல்யாணச் சமையல். சான்றிதழ் எதுவும் இல்லை.

பதில்: செய்த வேலையை வைத்தே சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். (முன் அனுபவத்துக்கு அங்கீகாரம்) முறை உங்களுக்காகத்தான். கூடவே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்டாக் (FoSTaC) உணவுப் பாதுகாப்புப் பயிற்சியும் முடியுங்கள், இது டோல்கேட் ஃபாஸ்டாக் இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாம்பாரை மணிக்கணக்கில் வைக்கக் கூடாது என்பது உங்கள் கைக்குத் தெரியும், காகிதத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: மாமல்லபுரத்தில் கைடு ஆக வேண்டும். உடனே பதில் தரவும்.

பதில்: அவசரம் உங்களுக்கு, எனக்கில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, அதில் தொடங்குங்கள். ஆங்கிலம் எல்லோரிடமும் இருக்கிறது. பிரெஞ்சோ ஜெர்மனோ படியுங்கள். அங்கே அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதன் காலடி எலிகளையும் காட்டாமல் நகரும் கைடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிவிடாதீர்கள்.

கேள்வி: துபாய்க்கு விசிட் விசாவில் போய் ஹோட்டல் வேலை தேடலாமா?

பதில்: விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். வேலை விசா வந்த பிறகு போங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கலாம் என்பது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது.