பழைய காரில் டைமிங்கை (தீப்பொறி வரும் நேரத்தை) திருப்பினால் ஏற்றத்தில் வரும் சத்தம் நிற்குமா?

நிற்கும். ஆனால் சத்தம் நின்றதால் குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். அதற்கும் இதே தொல்லை வந்தது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலையின் ஏற்றத்தில் நான்காவது கியரில் அழுத்தினால், தகர டப்பாவில் கோலிக்குண்டுகள் உருள்வது போன்ற சத்தம். ஒரு பட்டறையில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைத் தாமதமாக்கித் தந்தார்கள். சத்தம் அடங்கியது; வண்டியின் இழுவையும் அடங்கியது. அடுத்த வாரமே போக்குவரத்து நெரிசலில் ரேடியேட்டர் கொதித்தது.

பெட்ரோல் கலவை எரிந்து முடிக்க 2 மில்லிவிநாடி ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்திற்கு 750 சுற்றில் அதற்குள் கிராங்க் (என்ஜினின் சுழல்தண்டு) 9 பாகை திரும்பும். 3,000 சுற்றில் 36 பாகை. அதனால் வேகம் கூடும்போது தீப்பொறி முன்கூட்டியே வரவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைகள் வெளியே விரிந்து அதைச் செய்கின்றன. எவ்வளவு விரியலாம், எப்போது விரியலாம் என்பதை இரண்டு ஸ்பிரிங்குகள் தீர்மானிக்கின்றன. நீங்கள் வெளிக்கூட்டைத் திருப்பும்போது எல்லா வேகத்திலும் நேரம் ஒரே அளவு நகருமே தவிர, ஸ்பிரிங்கின் குறை அப்படியேதான் இருக்கும். என் வண்டியில் மெல்லிய ஸ்பிரிங் முறிந்திருந்தது. வேகம் கூடியபின் வரவேண்டிய முன்னேற்றம் (தீப்பொறி முந்துவது) தொடக்கத்திலேயே வந்து அந்தச் சத்தத்தைக் கிளப்பியது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளியைப் பாருங்கள். என் வண்டியின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. பிறகு, என்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் பகுதிக்குச் செல்லும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு வேகத்தை மெதுவாக ஏற்றுங்கள். கிராங்க் முனையிலுள்ள கப்பியின் குறி சீராக நகர்ந்து, வேகம் இறங்கும்போது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். குதித்தாலோ, திரும்பாமல் நின்றாலோ குறை உள்ளேதான். ஒன்றை மறக்கவேண்டாம்: அந்த விளக்கொளியில் சுழலும் ரேடியேட்டர் விசிறி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கையை அருகே கொண்டுபோகாதீர்கள்.

திறந்து பார்க்கும்போது தடித்த ஸ்பிரிங் தளர்ந்து தொங்கினால் பயப்படவேண்டாம். பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் அதன் கொக்கி வேண்டுமென்றே நீளமாக இருக்கும். அது உயர்வேகத்தில்தான் வேலைக்கு வரும். புது ஸ்பிரிங் வாங்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் பொறித்திருக்கும் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கண்ணளவில் ஒத்துப்போனால் போதாது. வேக்யூம் பகுதியைச் சோதிக்க, குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். உள்ளே பாயின்ட் இருக்கும் தட்டு நகர்ந்து அப்படியே நிற்கவேண்டும்.

இவையெல்லாம் சரியான பிறகே கையேட்டில் உள்ள பாகைக்கு டைமிங்கை வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரின் திசைக்கு எதிராகக் கூட்டைத் திருப்பினால் முன்னேறும், அதே திசையில் திருப்பினால் தாமதமாகும். லூகாஸ் வகையில் ஏ (முன்னேற்றம்), ஆர் (தாமதம்) என்று குறியிட்ட சிறிய திருகு இருந்தால் நுணுக்கத்தை அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பழைமை வாகனத் திட்டத்தில் உள்ள நம் கார்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்களே சாலைக்கு வருகின்றன. மீதி நாள்களில் நம் ஊர் ஈரக்காற்றில் எடைகள் நகர்த்தும் அச்சு இறுகிப்போகிறது. ரோட்டரைக் கழற்றி, அடியிலுள்ள திருகின் மேல் இரண்டு மூன்று சொட்டு என்ஜின் எண்ணெய் விடுவது ஐந்து நிமிட வேலை. நான் அதைத் தவறவிட்ட காலத்தில்தான் இத்தனையும் நடந்தது.

குறையைச் சரிசெய்யும்வரை 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றிச் சத்தத்தை மறைக்காதீர்கள். இப்போது என் மைனர் 95 பெட்ரோலில் அதே ஏற்றத்தை நான்காவது கியரில், கோலிக்குண்டுச் சத்தமின்றி ஏறுகிறது.