கண்ணால் பார்ப்பது நேரடி அறிவா, இல்லையா?

கேள்வி: எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். 'பிரத்தியட்சம் பற்றி இந்து, சமணத் தத்துவங்களை ஒப்பிடுக' என்ற கேள்விக்குத் தயாராகிறேன். சமணத்தில் கண்ணால் காண்பது பரோட்சம் (மறைமுக அறிவு) என்கிறது ஒரு புத்தகம், பிரத்தியட்சம்தான் (நேரடி அறிவு) என்கிறது இன்னொன்று. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. சமண ஆசிரியர் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் அறிவை ஐந்தாகப் பிரித்து, மதி, சுருதம் (சொல், நூல் வழி அறிவு) இரண்டும் பரோட்சம், அவதி (எட்டாத பொருளைப் புலனின்றி அறிவது), மனப்பரியாயம் (பிறர் மனத்தை அறிவது), கேவலம் (முழு அறிவு) மூன்றும் பிரத்தியட்சம் என்கிறார். புலன் வழியே வருவது மதி ஞானம், எனவே அது பரோட்சம். ஆனால் கண்ணால் பார்ப்பதைப் பிரத்தியட்சம் என்றே மற்ற மரபினர் எல்லோரும் சொல்லும்போது இதை வைத்துக்கொண்டு வாதம் செய்வது கஷ்டம். அதனால் 8ஆம் நூற்றாண்டில் சமணத் தர்க்க அறிஞர் அகளங்கர் புலனறிவை 'சாம்வியவகாரிக பிரத்தியட்சம்', அதாவது உலக வழக்கில் நேரடி அறிவு என்று ஏற்றுக்கொண்டார். முழுமையான பிரத்தியட்சம் ஆன்மா தானே அறிவதுதான் என்பதை மட்டும் அவர் விடவில்லை.

அடுத்து, 'இந்து தத்துவம் சொல்கிறது' என்று தொடங்காதீர்கள். சாங்கியம், அத்வைதம், நியாயம் ஒவ்வொன்றும் வேறு மாதிரி பேசும். நியாயத்தை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு கூர்மையாக வரும். புலனும் பொருளும் சேர்வதால் பிறக்கும் அறிவு, அது பிறழாமலும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பது நியாய சூத்திரம் எழுதிய கௌதமர் பிரத்தியட்சத்துக்குத் தரும் இலக்கணத்தில் முக்கியமான பகுதி. தூரத்தில் தெரிவது புகையா புழுதியா என்று நிச்சயமாகாவிட்டால் அது பிரத்தியட்சமே இல்லை என்று அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார்.

சமணர்கள் அந்த நிச்சயம் எப்படி வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கிறார்கள். தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை எழுதிய பூஜ்யபாதர் தரும் உதாரணத்தையே எழுதுங்கள்: ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, இது அவக்கிரகம். கொக்கா, கொடியா என்று தேடுவது ஈகை (வடமொழியில் ஈஹா; கொடை என்ற பொருளில் அல்ல). மேலெழும்பி, கீழிறங்கி, சிறகடிப்பதைப் பார்த்துக் கொக்குதான் என்று முடிவாவது அவாயம். காலையில் பார்த்த அதே கொக்கு என்று பிறகு அடையாளம் காண உதவுவது தாரணை. ஈகையைச் சந்தேகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது முடிவை நோக்கி நகரும் தேடல்.

மோதல் சூடு பிடிப்பது கண் விஷயத்தில்தான். கண்ணிலிருந்து ஒளிக்கதிர் போய்ப் பொருளைத் தொடுகிறது என்பது நியாயம், இரவில் திரியும் பிராணிகளின் கண் மின்னுவதைக்கூடச் சான்றாகக் காட்டுகிறது. சமணரோ கண்ணும் மனமும் பொருளைத் தொடாமலே அறிகின்றன என்கிறார்கள். தொட்டுத்தான் கண் அறியும் என்றால், தோல் போல, தன்மேல் தீட்டிய மையை அது முதலில் பார்த்திருக்க வேண்டுமே என்ற கேள்விக்கு இன்றும் வலு இருக்கிறது.

இவ்வளவுக்கும் வேர் ஆன்மாவைப் பற்றிய கருத்து. நியாயத்தில் அறிவு ஆன்மாவில் அவ்வப்போது தோன்றி மறையும் குணம், ஆன்மா, மனம், புலன், பொருள் இவற்றின் சேர்க்கை இல்லாமல் புலனறிவு பிறக்காது, முக்தியில் அந்த அறிவும் நின்றுவிடும். சமணத்தில் அறிவு ஆன்மாவின் இயல்பு, ஞானாவரணீய கர்மம் அதை மூடியிருக்கிறது, மூடல் முழுக்க விலகினால் கேவல ஞானம். ஆகவே சமணருக்குப் புலன் என்பது நடுவில் நிற்கும் ஒரு துணை. பரோட்சம் என்று அவர்கள் சொன்ன காரணம் இதுதான், இதை எழுதாமல் விட்டால் விடை வெறும் வகைப்பட்டியலாகிவிடும்.

அப்புறம், நியாயத்துக்குப் புலன் தாண்டிய காட்சியே கிடையாது என்று எழுதிவிடாதீர்கள். யோகியின் காட்சியை அவர்களும் ஏற்கிறார்கள், ஆனால் அதற்கும் மனம் என்ற கருவி வேண்டும்.