சுமையோடு மலை ஏற எந்த கியர் உள்ள சைக்கிள் வாங்கலாம்?

கேள்வி: கரூரில் இருக்கிறேன், வயது 38. கேரியரில் இரண்டு பை மாட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் தொடங்கி கோத்தகிரி, ஊட்டி, அப்படியே மைசூர் வரை போக ஆசை. கடையில் இரண்டு சைக்கிள் காட்டினார்கள். ஒன்று முன்னால் உள்ள பல்சக்கரங்களில் 50/34 பல், பின்னால் 11-28 பல், மொத்தம் 16 கியர். இன்னொன்று முன்னால் 48/38/28, பின்னால் 11-32, மொத்தம் 24 கியர். முதலாவது எடை குறைவு, பார்க்கவும் அழகு. "16 கியரே போதும் சார், எந்த மலையும் ஏறும்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். 24 கியர் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, மொத்தம் எத்தனை கியர் என்பதை வைத்து மலைக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது இரண்டே எண்: முன்னால் இருப்பதில் சின்ன சக்கரத்துக்கு எத்தனை பல், பின்னால் இருப்பதில் பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல். முன்னதைப் பின்னதால் வகுங்கள், வரும் எண் குறையக் குறைய மேடு ஏறுவது எளிது. முதல் சைக்கிளில் 34/28, அதாவது 1.21. இரண்டாவதில் 28/32, அதாவது 0.875. இந்த வகை சைக்கிள்களில் வரும் சாதாரண 700 சி அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர் போகும், ஆக பெடலை ஒரு முறை சுற்றினால் முதல் வண்டி 2.6 மீட்டரும் இரண்டாவது 1.9 மீட்டரும் நகரும்.

இது உங்கள் கால்களுக்கு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள், சைக்கிள், பைகள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வையுங்கள். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஏற்றம்தான், இடையிடையே 8 சதவீத மேடு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த மேட்டில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதல் சைக்கிளுக்கு 250 வாட் வரை வேண்டும். நன்றாகப் பயிற்சி எடுத்த ஆளே அதை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இரண்டாவதில் 180 வாட் இருந்தால் போதும். 250 வாட் தெம்பு இல்லாதவர் முதல் வண்டியில் நிமிடத்துக்கு 40 சுற்று என்று எழுந்து நின்று அழுத்துவார், மணிக்கணக்காக அப்படி அழுத்தினால் முட்டி போய்விடும். பலர் "எனக்கு உடம்பில் தெம்பு இல்லை" என்று சுற்றுலாவையே விட்டுவிடுகிறார்கள், உண்மையில் கியர்தான் அவர்களுக்குப் பொருந்தவில்லை, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, 0.875 போதுமா? உங்கள் வழிக்கு அதையும் கொஞ்சம் குறைக்கச் சொல்வேன். சுமையோடு நீண்ட ஏற்றம் என்றால் 0.8க்குக் கீழே இருப்பது நிம்மதி. வண்டியை எடுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் பேசி பின்னால் 11-34 கேசட் (பின் பல்சக்கரங்களின் தொகுப்பு) போடச் சொல்லுங்கள், 8 ஸ்பீடில், அதாவது பின்னால் 8 சக்கரம் உள்ள வண்டியில், அது எளிதாகக் கிடைக்கும். அப்புறம் முன்னால் 42/32/22 கிராங்க் (பெடல் தண்டும் முன் பல்சக்கரங்களும்) மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றினால் 22/34, அதாவது 0.65. முன் டெரெய்லரை (செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் கருவி) கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கும், பெடல் தண்டு சுழலும் பி.பி. அச்சின் நீளமும் பொருந்த வேண்டும், அதனால் இதை மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். அதற்கும் கீழே போகத் தேவையில்லை, மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் சுமை வண்டி தள்ளாட ஆரம்பிக்கும்.

சமதளத்தில் வேகம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 42/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 44 கிலோமீட்டர், பை மாட்டிய வண்டியில் அதற்கு மேல் எங்கே போகப் போகிறீர்கள்? இறக்கத்தில் பிரேக் பிடிக்கத்தான் கை தேடும்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே 50/34, 11-28, 8 ஸ்பீட் ரோடு சைக்கிள் இருக்கிறது. புதிது வாங்க வசதியில்லை. முன்னால் 34க்குப் பதில் 28 பல் போட முடியுமா?

பதில்: முடியாது. அந்த வகை கிராங்கில் போல்ட் துளைகள் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், 33க்குக் குறைந்த பல் அதில் உட்காராது. பின்னால் மாற்றுங்கள். 11-34 கேசட், நீளமான கூண்டுள்ள மவுண்டன் பைக் பின் டெரெய்லர், புது செயின், இந்த மூன்றும் சேர்ந்தால் 34/34, சரியாக 1. ஷிமானோ நிறுவனத்தின் 8, 9 ஸ்பீட் ரோடு ஷிஃப்டர்கள் (கியர் மாற்றும் கைப்பிடிகள்) அதே ஸ்பீட் மவுண்டன் பின் டெரெய்லரோடு ஒத்துப்போகும், 10 ஸ்பீடில் ஒத்துப்போகாது, கடையில் யாராவது "போட்டுப் பார்க்கலாம்" என்றால் விட்டுவிடுங்கள். டெரெய்லர் வாங்கும்போது அதன் கொள்ளளவைப் பாருங்கள்: முன்னால் 50-34 வித்தியாசம் 16, பின்னால் 34-11 வித்தியாசம் 23, மொத்தம் 39 பல் செயினை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்னாளில் பணம் சேர்ந்தால் 46/30 கிராங்க் போடுங்கள், 0.88க்கு வந்துவிடுவீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 11-34 கேசட் என்று போட்டிருந்தது. வந்த வண்டியில் 11-28. "விவரங்கள் மாறக்கூடும் என்று கீழே எழுதியிருக்கிறதே" என்கிறார்கள். பணம் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் சொல்கின்றன. அதை ஓட்டாதீர்கள். பல்லை எண்ணுங்கள், பெரும்பாலும் சக்கரத்திலேயே எண் பொறித்திருக்கும், அதையும் விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து, பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் சேமித்து வைத்து, எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வண்டி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வண்டி பிடித்துப்போயிருந்தால் 11-34 கேசட்டும், தேவைப்பட்டால் அதற்கேற்ற டெரெய்லரும் அவர்கள் செலவில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேசட்டை மட்டும் அனுப்பிவைத்தால் ஏற்காதீர்கள், பழைய டெரெய்லரில் 34 பல் ஏறாமல் போகலாம்.