வேலையை விடாமல் எல்சாட் தேர்வுக்குத் தயாராக முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் சட்டம் படிப்பதற்காக, அங்குள்ள சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டை ஆறு மாதங்களில் எழுதவிருக்கிறேன். முழுநேர வேலையில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுத் தங்கள் தீவிரப் பயிற்சியில் சேர்ந்தால் மதிப்பெண் உயர்வுக்கு உத்தரவாதம் உண்டு என்று ஒரு பயிற்சி மையத்தின் முகவர் வற்புறுத்துகிறார். சேரலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். ஒரு வாதத்தின் முடிவு எது, அதற்கான ஆதாரம் எது, சொல்லாமல் விடப்பட்ட அனுமானம் எது என்று பிரித்தறியும் பழக்கத்தையே எல்சாட் சோதிக்கிறது. அந்தப் பழக்கம் நாள் முழுவதும் புத்தகத்தின் முன் அமர்வதால் வந்துவிடுவதில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் மனம் தெளிவாக இருக்கும் ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் புதிய கேள்விகளைக் குவிக்காமல், தவறவிட்ட ஒவ்வொரு கேள்வியிலும் உங்கள் விடை ஏன் பிழை, சரியான விடையை ஏன் ஒதுக்கினீர்கள் என்று உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். வார இறுதியில் மட்டும், 35 நிமிடப் பகுதிகள் நான்கும் நடுவே 10 நிமிட இடைவேளையுமாக ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதினால், அடுத்த வாரம் முழுவதும் அலசுவதற்கு அதுவே தாராளம். களைத்துப்போன இரவில் எழுதும் மாதிரித் தேர்வு உங்கள் திறனைக் காட்டாது, களைப்பைத்தான் காட்டும்.

இனி அந்த உத்தரவாதம். இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வாக்களிக்கப்படுவது மதிப்பெண் அல்ல, கட்டணத்தைத் திருப்பித் தருவது மட்டுமே. அதற்கும் ஒரு வகுப்பையும் தவறவிடக் கூடாது, எல்லாப் பயிற்சிகளையும் முடித்திருக்க வேண்டும் என்பன போன்ற, வேலைக்குப் போகிறவரால் காப்பாற்றவே முடியாத நிபந்தனைகள் இருக்கும். கையெழுத்திடும் முன் அவற்றை வரிவரியாகப் படியுங்கள். தர்க்கப் புதிர்களைக் கொண்ட லாஜிக் கேம்ஸ் பகுதி எல்சாட்டிலிருந்து 2024 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதைக் கற்பிக்கும் பழைய புத்தகத்தை யாராவது உங்கள் தலையில் கட்ட முயன்றால் அங்கேயே விலகிவிடுங்கள். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் கட்டணமில்லாக் கணக்கிலேயே அசல் மாதிரித் தேர்வுகள் சில கிடைக்கின்றன என்பதை எந்த முகவரும் தானாகச் சொல்வதில்லை.

தேர்வு விதிகளில் உள்ள ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்க வேண்டும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு, கவனக்குறைபாடு, பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்கள் கூடுதல் நேரமோ வேறு வசதிகளோ கோரலாம். வேலைப்பளு இதற்குக் காரணமாகாது. ஆனால் வேலைக்குப் போவதால் இந்த உரிமை குறைந்துவிடுவதும் இல்லை. உரிய சான்றுகளுடன், குறிப்பிட்ட கெடு தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்க நாளாகும் என்பதால், இது உங்களுக்குப் பொருந்துமானால் பயிற்சிக்கும் முன்பே இதைத் தொடங்குங்கள்.

தனியாக எழுத வேண்டிய வாதக் கட்டுரையையும் தள்ளிப்போடாதீர்கள். முதல்முறை எழுதுவோருக்கு அது முடியாமல் மதிப்பெண் வெளியாகாது. அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணே கிடையாது என்றாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியலோ பல்கலைக்கழகத்திலிருந்து எல்சாக்குக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். விடுப்பு எடுத்து அலுவலகங்களுக்கு அலையும் நிலையில் எல்லோரும் இருப்பதாக எண்ணியே இந்த நடைமுறைகளை வகுத்திருக்கிறார்கள். ஆகவே பட்டியலை அனுப்பக் கோரிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.