அந்தத் துண்டுச்சீட்டுக்கு முதலில் பதில் எழுதுங்கள்

கேள்வி: பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சியில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புக்குச் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் மார்ச் 8-ஆம் தேதி விழா எடுத்து, சாதித்த பெண்களைப் பாராட்டுகிறோம். சென்ற ஆண்டு, பிறவியிலேயே காது கேளாத எங்கள் உறுப்பினர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தையல் தொழில் செய்பவர். ஊர்ப் பெண்கள் பலருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். இந்த ஆண்டும் அழைத்தபோது, "நான் வரவில்லை. போன வருஷம் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து எல்லாரும் பரிதாபப்பட்டது மட்டும் தெரிந்தது" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கர்வம் வந்துவிட்டது என்கிறார்கள் மற்றவர்கள். அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது? வரவேற்புரையில் எந்தெந்தப் பெண்களைப் பற்றிப் பேசலாம் என்பதையும் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த இரண்டு கேள்விகளையும் விட, அந்தச் சகோதரியின் மூன்று வரிகள்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தன. அவருக்குக் கர்வம் என்று எனக்குத் தோன்றவில்லை. தனக்காக எடுத்த விழாவில் தன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாமல் நின்ற ஒருவர், மறுபடியும் அப்படி நிற்க விருப்பமில்லை என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே சமாதானப்படுத்துவது என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். வருத்தம் தெரிவிக்க வேண்டியது விழா நடத்தியவர்கள்.

இதைக் குற்றம் சாட்டும் நோக்கத்தோடு சொல்லவில்லை. நானும் அதே தவற்றைச் செய்தவள். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஒரு பள்ளி விழாவின் பரிசளிப்பில், கோலப் போட்டியில் முதலாவதாக வந்த மாணவியின் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தேன். அவள் வரவில்லை என்று எண்ணி, பரிசை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண் பந்தலின் ஓரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தான் போட்ட கோலத்தை யாரும் மிதித்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேளாது என்பது அங்கிருந்த எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். எழுந்து போய் அவள் தோளைத் தொட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். கண்ணாடிக்கு முன் நின்று 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதிலும் பேசுபவரின் வாயை மைக் மறைத்து, மேடை விளக்கு எதிரே கூசி, சிறப்பு விருந்தினர் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பேசினால், பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. கூட்டத்தினரின் முகங்கள்தான் தெரியும். அந்த முகங்களில் அவர் பரிதாபத்தைப் பார்த்தார் என்றால், பேச்சிலும் பரிதாபம் இருந்திருக்க வேண்டும். 'குறை இருந்தும் சாதித்தவர்' என்பது போல யாராவது பேசினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 20 ஆண்டுத் தொழிலை இரண்டு சொற்களில் முடித்துவிட்டு, காதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் வழக்கம் நம் மேடைகளில் மிகுதி.

இந்த முறை அவருடைய வேலையைப் பேசுங்கள். அவர் தைத்த ரவிக்கை முதல் முறையிலேயே உடம்புக்குப் பொருந்துகிறதா, கல்யாண மாதங்களில் எத்தனை துணிகளை நாள் தவறாமல் கொடுக்கிறார், அவரிடம் கற்றுக்கொண்ட பெண்களில் எத்தனை பேர் இன்று சொந்தமாக மிஷின் போட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவருடைய மாணவிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல் கேட்காமல், பேசாமல், வெட்டும் கணக்கை இன்னொருவருக்கு எப்படிப் புரிய வைத்தார் என்பது தனியாகப் பேச வேண்டிய ஆசிரியத் திறன். ஊரில் சிலர் அவரை 'ஊமச்சி' என்று அழைக்கக்கூடும். அந்தச் சொல் உங்கள் விழாவில் எவர் வாயிலிருந்தும் வரக்கூடாது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இருக்கிறது.

அடுத்து, மேடையில் பேசுவதை அவருக்குச் சைகையில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் எளிதில் விளங்கும். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத இளம் வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அது முதல் முறை. அன்று மொழிபெயர்ப்பாளர் அவர் தரப்பிலிருந்து வந்தவர். சில நாட்களிலேயே, அடுத்த மாதத்தில், அவருக்காக உச்ச நீதிமன்றமே மொழிபெயர்ப்பாளரை நியமித்தது. எனக்கு முதல் செய்தியை விட இரண்டாவது செய்திதான் பெரிதாகப் படுகிறது. கேட்கும் வசதியைக் கேளாதவரே சுமந்து வர வேண்டும் என்ற நிலை மாறி, அழைத்த இடமே அந்த ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்று ஆனது. நாட்டின் தலைமை நீதிமன்றம் செய்ததை ஓர் ஊராட்சிக் கூட்டமைப்பும் தன் அளவில் செய்யலாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சில வாரங்களுக்கு முன்பே விசாரியுங்கள். காது கேளாதோர் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களையும் கேட்டுப் பாருங்கள். வருபவருக்கு ஊதியமும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். பந்தல் செலவைப் போல அதுவும் விழாச் செலவுதான். வரவேற்புரையையும் வாழ்த்துரையையும் எழுத்தில் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டால், அவரும் தடுமாற மாட்டார். அவர் மேடையில் பேச்சாளருக்குப் பக்கத்தில், முகத்திலும் கைகளிலும் வெளிச்சம் விழும்படி நிற்கட்டும். ஆனால் இதற்கெல்லாம் முன்பு அந்தச் சகோதரியையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறப்புப் பள்ளியில் படித்தவருக்கு இந்தியச் சைகை மொழி தெரிந்திருக்கலாம். வீட்டோடு வளர்ந்தவர்கள் பலர் குடும்பத்துக்குள் தாமே உருவாக்கிக்கொண்ட சைகைகளில் பேசுவார்கள். அவருடைய நிலை அதுவானால், வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளரை விட அவருடைய மகளோ, நெடுநாள் மாணவியோதான் பொருத்தமானவர். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால், பேசுவதை அப்போதைக்கப்போது ஒருவர் எழுதிக் காட்டவும் முடியும். எதுவாக இருந்தாலும் முடிவு அவருடையது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தொலைவில் உள்ளவர்களைத் தேடுவதற்கு முன் நம் மண்ணிலிருந்தே தொடங்குங்கள். தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைக் குழந்தையும் சொல்லும். அதைவிட நான் மேடையில் கேட்க விரும்புவது, அவன் அவரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிய செய்தி. போர் மூளும் நேரத்தில் நாட்டின் சார்பாகப் பேச ஒரு பெண்பாற் புலவரை அனுப்பினான். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசிப் பீலி அணிந்து கிடந்த ஆயுதங்களைப் பார்த்த ஔவை, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தகடூர் மன்னன் அவருடைய சொல்லை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தான். பாராட்டு என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் உறுப்பினர்களுக்கு அவர்களுடைய சொந்த வரலாற்றையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கியது 1989-இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்தத் திட்டம் நடந்தது. சந்தாப் பணத்தை முடிச்சில் கொண்டுவந்து, கைநாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கிய அந்த முதல் தலைமுறைப் பெண்கள் இன்று பாட்டிகளாக உங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது மேடையேற்றுங்கள்.

அரூர் வட்டத்து வாச்சாத்திப் பெண்களை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தில் மகளிர் தினம் பேச முடியாது என்பது என் உறுதியான கருத்து. 1992 ஜூன் 20 அன்று அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்கு அரசுப் பணியாளர்களால் நேர்ந்த கொடுமையை விழாவில் விவரிக்க வேண்டாம். அதன்பின் நடந்ததைச் சொல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களும் ஊர் மக்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி, சாட்சி சொல்லி, உறுதி குலையாமல் நின்றார்கள். 2011 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள். காதும் வாயும் இருந்தும் தங்கள் சொல்லைக் கேட்க ஆளில்லாமல் இருந்தவர்கள் அவர்கள். உங்கள் தையல்காரச் சகோதரியின் சீட்டைப் படித்தபோது எனக்கு அவர்களுடைய நினைவும் வந்தது.

காது கேளாத பெண்களில், மதுரையின் ஜெர்லின் அனிகாவைக் கட்டாயம் சொல்லுங்கள். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வென்றவர். அதே ஆண்டுக்கான அர்ச்சுனா விருதும் பெற்றார். மட்டையில் பந்து படும் ஓசையை வைத்தே அடியின் வேகத்தை ஆட்டக்காரர்கள் ஓரளவு கணிப்பார்கள். அந்தப் போட்டிகளில் காது கேட்கும் கருவியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது விதி. கண்ணையும் காலையும் மட்டுமே நம்பி ஆடும் ஆட்டம் அது. கோல்ஃப் வீராங்கனை தீக்ஷா டாகர், காது கேளாதோர் ஒலிம்பிக், டோக்கியோ ஒலிம்பிக் இரண்டிலும் ஆடியவர்.

பள்ளி மாணவிகள் வருவார்கள் என்றால் ஹென்ரியட்டா லீவிட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில், சொற்பக் கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரப் புள்ளிகளை எண்ணி அளந்த பெண்களில் ஒருவர். செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். சில நட்சத்திரங்கள் ஒரு தாளகதியில் மங்கிப் பிரகாசிக்கின்றன. மங்கித் தெளிய அதிக நாள் எடுக்கும் நட்சத்திரம் உண்மையில் அதிக ஒளி உடையது என்ற விதியை 1912-இல் அவர் கண்டறிந்தார். உண்மையான ஒளி எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தெருவிளக்கு சிறிதாகத் தெரிந்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நாம் மதிப்பிடுவதைப் போல. அந்த விதியைக் கொண்டுதான், ஆண்ட்ரொமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள வேறொரு விண்மீன் மண்டலம் என்று எட்வின் ஹப்பிள் பின்னர் நிறுவினார். லீவிட் 1921-இல், 53 வயதில் இறந்தார். அது தெரியாமல், 1925-இல் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு சுவீடனிலிருந்து ஓர் அறிஞர் அவருக்கே கடிதம் எழுதினார். பாராட்டு உரிய காலத்தில் சேராமல் போன கதைகளில் என்னை மிகவும் வருத்துவது இது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆனி ஜம்ப் கேனனுக்கும் ஏறத்தாழக் காது கேளாது. சுமார் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை வகைப்படுத்தியவர் அவர்.

ஹெலன் கெல்லரை யாராவது பேசுவார்கள்; தண்ணீர்க் குழாயடியில் முதல் சொல்லைக் கற்ற சிறுமியோடு நிறுத்தியும் விடுவார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் எழுதிப் போராடி, 1955-இல் இந்தியாவுக்கும் வந்துபோன அந்த முதிர்ந்த பெண்மணியைப் பற்றியும் ஒருவர் பேசட்டும்.

கூட்டம் எப்படிப் பாராட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். காது கேளாதோரிடையே கைதட்டல் என்பது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து அசைப்பது. பந்தல் முழுவதும் கைகள் அப்படி அசைவதை அவர் கண்ணாலேயே பார்க்க முடியும். பொன்னாடைக்கு ஆகும் செலவில் இந்த முறை ஒரு நல்ல வெட்டுக் கத்திரி வாங்கிக் கொடுங்கள். விழா முடிந்த பிறகு, அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்று விசாரியுங்கள்; இல்லையென்றால் சேருவதற்கு உதவுங்கள். கூட்டமைப்பு நடத்தும் தையல் பயிற்சிக்கு அவரையே சம்பளத்தோடு பயிற்றுநராக அமர்த்துங்கள். அடுத்த ஆண்டு யாரைப் பாராட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அவருக்கு ஓர் இடம் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தலைவியையும் அழைத்துக்கொண்டு, ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். நீளமாக வேண்டாம், சிறு சிறு வாக்கியங்களாக, இப்படி எழுதிக் கொடுங்கள்: "நீங்கள் எழுதியது சரி. போன வருஷம் நாங்கள் தவறு செய்தோம். மன்னியுங்கள். அன்று உங்களைப் பற்றிப் பேசியதை இத்துடன் எழுதியிருக்கிறோம். இந்த வருஷம் பேசுவதும் உங்களுக்குப் புரிய வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்? நீங்களும் மேடையில் பேச வேண்டும் என்று விரும்புகிறோம். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்." எழுதிய தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.