வரைபடத்தில் விடுபட்ட கவுண்டி: ஷானன், ஓக்லாலா லகோட்டா ஆன கதை

கேள்வி: அமெரிக்கக் கவுண்டிகளின் (மாநிலத்துக்கு உட்பட்ட, நம் மாவட்டம் போன்ற பிரிவுகளின்) 2010, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை இணைத்து வரைபடம் தயாரிக்கிறேன். தெற்கு டகோட்டாவின் தென்மேற்கு மூலையருகே ஒரு கவுண்டி மட்டும் நிறமின்றி நிற்கிறது. முதல் அட்டவணையில் உள்ள ‘ஷானன்’ இரண்டாவதில் இல்லை. அந்த வரியை நீக்கிவிடலாமா? – ஆய்வு மாணவி

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். நீங்கள் தேடும் ஷானன்தான் இன்றைய ஓக்லாலா லகோட்டா கவுண்டி. எல்லை அப்படியே இருக்க, பெயரும் அதையொட்டி அடையாள எண்ணும் மாறியிருக்கின்றன.

முழுவதும் பைன் ரிட்ஜ் பழங்குடிக் காப்புநிலத்துக்குள் அடங்கிய இந்தக் கிராமப்புறக் கவுண்டிக்கு, டகோட்டா பிரதேச உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பீட்டர் ஷானனின் பெயர் இடப்பட்டிருந்தது. லகோட்டா மக்களின் நிலத்தில் பெரும்பகுதியை அரசுக்கு எழுதி வாங்குவதற்காக 1882இல் அமைக்கப்பட்ட மூவர் குழுவில் அவரும் இருந்தார். தங்கள் நிலத்தைக் கேட்டு வந்தவரின் பெயரையே தலைமுறை தலைமுறையாக முகவரியில் எழுதிவந்த மக்கள், 2014 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு போதும் என்றிருந்த நிலையில் ஏறத்தாழ 80 விழுக்காடு வாக்களித்து அதை மாற்றினர். தங்கள் சொந்த இனப்பிரிவின் பெயரான ஓக்லாலா லகோட்டா, 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1890 டிசம்பரில் அமெரிக்கப் படையினர் லகோட்டா மக்களைப் படுகொலை செய்த வூண்டட் நீ இந்த மண்ணில்தான் உள்ளது என்பதை நினைத்தால், அந்த வாக்குகளின் கனம் புரியும்.

இனி எண்ணுக்கு வருவோம். ஷானனின் எண் 46113. புதிய எண் 46102. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். அடுத்த மூன்றும் கவுண்டிகளுக்கு ஆங்கில அகரவரிசைப்படி, பெரும்பாலும் ஒற்றைப்படை எண்களாக, இடைவெளி விட்டு வழங்கப்பட்டவை. பெயர் மாறியதால் வரிசையில் இடமும் மாறியது. மூடி கவுண்டிக்கு 46101, பென்னிங்டனுக்கு 46103. இரண்டுக்கும் நடுவே காலியாக இருந்த இரட்டைப்படை எண்ணில் ஓக்லாலா லகோட்டா அமர்ந்தது. உங்கள் மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு இடங்களாக எண்ணியதற்கு இதுவே காரணம்.

இணைப்பதற்கு முன், 2010 அட்டவணையில் 46113 என்பதை 46102 என மாற்றிவிடுங்கள். எல்லை மாறாததால் மக்கள்தொகையைப் பங்கிட்டுக் கணக்கிட வேண்டியதில்லை. வேறு துறைகளின் தரவையும் சேர்ப்பதாக இருந்தால், 2015க்குப் பிந்தைய கோப்புகளிலும் பழைய எண் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அலாஸ்காவிலும் இதே ஆண்டில் வேட் ஹாம்ப்டன் பகுதி குசில்வாக் ஆனபோது 02270 என்பது 02158 ஆயிற்று. எண்ணை எழுத்து வடிவில் சேமியுங்கள். இல்லையேல் எக்செல் முன்னுள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும்.

நாட்டின் மிக வறிய கவுண்டிகளுள் ஒன்றான இதை, ‘பொருந்தவில்லை’ என்ற காரணத்துக்காக ஆய்விலிருந்து கைவிட்டால், வறுமையைப் பற்றிய உங்கள் முடிவே பிழையாகும். மாற்றிய பின் அதன் வரியைத் திறந்து பாருங்கள்: 2010க்கு 13,586, 2020க்கு 13,672 என இரண்டு எண்களும் அடுத்தடுத்து நின்றால் இணைப்பு சரி.